ஜிபி எனப்படும் குடும்ப மருத்துவர்களின் வருமான அறிவிப்பு: இணையதளத்தில் காணும் சராசரித் தொகையை எப்படிப் படிப்பது?

கேள்வி — ஹாரோவாசி

அனைவருக்கும் வணக்கம். நான் இலண்டனின் ஹாரோ பகுதியில் வசிக்கிறேன். எங்கள் குடும்பம் பதிவு செய்துள்ள மருத்துவ நிலையத்தின் இணையதளத்தில் அப்பாவுக்கு நேரம் பதிவு செய்ய முயன்றபோது, பக்கத்தின் அடியில் ‘ஜிபி வருமானம்’ என்றொரு இணைப்பைக் கண்டேன். திறந்து பார்த்தால் சில வரிகளே இருந்தன. கடந்த நிதியாண்டில் இந்நிலையத்தில் பணிபுரிந்த மருத்துவர்களின் சராசரி வருமானம், வரியும் தேசியக் காப்புறுதியும் கழிப்பதற்கு முன், இவ்வளவு பவுண்டு என்றும், அது முழுநேர மருத்துவர் இருவர், பகுதிநேர மருத்துவர் நால்வர், ஆறு மாதத்துக்கு மேல் பணிபுரிந்த லோக்கம் (தற்காலிக மாற்று) மருத்துவர் ஒருவர் ஆகியோருக்கு உரியது என்றும் எழுதியிருந்தார்கள். அதற்குக் கீழே, விதிக்கப்பட்ட கணக்கு முறை மருத்துவர்கள் நிலையத்தில் செலவிடும் நேரத்தைக் கருத்தில் கொள்ளாததால் இத்தொகை தவறான எண்ணத்தைத் தரக்கூடும் என்றும், இதைக் கொண்டு வேறு நிலையங்களோடு ஒப்பிடக் கூடாது என்றும் ஒரு குறிப்பு இருந்தது.

என் ஐயங்கள் இவை. இந்த அறிவிப்பு சட்டப்படி கட்டாயமா, அல்லது நிலையத்தாரின் விருப்பமா? பயணத் தடுப்பூசி, காப்புறுதி நிறுவனத்துக்கு எழுதித் தரும் அறிக்கை போன்ற தனியார் வேலைகளில் வரும் பணமும் இதில் அடங்குமா? ஆண்டுக்கு 150,000 பவுண்டுக்கு மேல் பெறும் மருத்துவர்களின் பெயர்களையே வெளியிடப் போகிறார்கள் என்று சில ஆண்டுகளுக்கு முன் செய்திகளில் படித்த நினைவு இருக்கிறது. அது என்ன ஆயிற்று? எந்த மருத்துவர் மீதும் எனக்குக் காழ்ப்பு இல்லை. ஆனால் அப்பாவைப் பார்க்க நேரம் கிடைப்பதே அரிதாக இருக்கும்போது, எங்கள் பெயரில் அந்த நிலையத்துக்கு அரசு தரும் பணம் எப்படிச் செலவாகிறது என்று அறிய விரும்புவது நியாயம் என்றே நினைக்கிறேன்.

மறுமொழி 1 — லூட்டன் கணக்காளர்

வணக்கம். மருத்துவ நிலையங்களின் ஆண்டுக் கணக்குகளைத் தயாரிக்கும் பணியில் இருப்பவன் என்பதால், தெரிந்த அளவில் விளக்குகிறேன்.

முதலாவது, இது விருப்பம் அன்று. இங்கிலாந்தில் ஜிபி சேவை வழங்கும் ஒவ்வொரு நிலையத்தின் என்எச்எஸ் (அரசின் தேசிய நலவாழ்வுச் சேவை) ஒப்பந்தத்திலும் உள்ள கடமை. 2013/14 நிதியாண்டுக்கான தொகையை 2015 மார்ச் 31-க்குள் இணையதளத்தில் இட வேண்டும் என்பதில் இது தொடங்கியது. அன்று முதல் ஆண்டுதோறும் அதே நாளுக்குள் முந்தைய நிதியாண்டின் சராசரியை வெளியிட்டு வருகிறார்கள். நீங்கள் கண்ட எச்சரிக்கைக் குறிப்பும் உங்கள் நிலையத்தார் தாமாக எழுதியது அன்று. ஏறத்தாழ எல்லா நிலையங்களின் தளத்திலும் அதே வாசகத்தைக் காணலாம்.

இரண்டாவது, எதைக் கணக்கில் எடுக்கிறார்கள் என்பது. ஜிபி சேவைக்காக என்எச்எஸ் அமைப்புகளும் உள்ளாட்சி மன்றமும் ஒப்பந்தத்தின்படி தரும் பணத்திலிருந்து கிடைக்கும் வருமானம் மட்டுமே இதில் சேரும். நீங்கள் குறிப்பிட்ட பயணத் தடுப்பூசிக் கட்டணம், காப்புறுதி அறிக்கைக் கட்டணம் போன்ற தனியார் வருமானம் சேராது. கட்டடம் தொடர்பான வரவு செலவுகளும் விலக்கப்படுகின்றன. நிலையத்தைத் தாமே நடத்தும் பங்குதாரர் மருத்துவர்களைப் பொறுத்தவரை, செவிலியர், வரவேற்புப் பணியாளர், மேலாளர் ஆகியோரின் சம்பளமும் ஏனைய செலவுகளும் போக எஞ்சுவதில் அவரவர் பங்கு. சம்பளத்துக்குப் பணிபுரியும் மருத்துவருக்கு அவருடைய சம்பளம். இரண்டுமே வரிக்கு முந்தைய தொகைகள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1948-இல் என்எச்எஸ் தொடங்கியபோது பெரிய மருத்துவமனைகள் அரசின் உடைமையாயின. குடும்ப மருத்துவர்களோ அரசு ஊழியராக மறுத்து, ஒப்பந்தத்தின் பேரில் தொழில் நடத்தும் உரிமையைத் தக்கவைத்துக்கொண்டார்கள். ஆகையால் மருத்துவமனை நிபுணருடைய சம்பள அட்டவணை ஊரறிந்ததாக இருக்க, பங்குதாரர் ஜிபி ஒருவரின் வருமானம் ஒரு சிறு தொழில் நிறுவனத்தின் இலாபமாகவே இன்றளவும் நிற்கிறது. அந்நிலையத்துக்கு வரும் பணத்தில் பெரும்பகுதி வரிப்பணம் என்பதும், அதை நடத்துவோர் தனியார் என்பதும் ஒரே நேரத்தில் உண்மையாக இருப்பதுதான் இந்தச் சிக்கலின் வேர்.

இனி அந்தச் சராசரி ஏன் பயனற்றது என்பதை எண்களோடு காட்டுகிறேன்; இவை நான் விளக்கத்துக்காக வைத்துக்கொண்ட எண்கள். முதல் நிலையத்தில் வாரத்துக்கு எட்டு செஷன் (ஒரு செஷன் என்பது ஏறத்தாழ அரை நாள் பணி) பணிபுரியும் பங்குதாரர் இருவர் உள்ளனர். ஒவ்வொருவருக்கும் 140,000 பவுண்டு. அங்கே வாரம் நான்கு செஷன் மட்டும் வரும் சம்பள மருத்துவர்கள் மூவர் உள்ளனர். ஒரு செஷனுக்கு ஆண்டுக்கு 11,000 வீதம் ஒவ்வொருவருக்கும் 44,000. மொத்தம் 412,000, ஐந்து பேருக்குப் பகிர்ந்தால் சராசரி 82,400. இரண்டாவது நிலையத்திலும் அதே 140,000 பெறும் பங்குதாரர் இருவர். சம்பள மருத்துவர் ஒருவரே. அவர் அதே 11,000 வீதத்தில் எட்டு செஷன் பார்த்து 88,000 பெறுகிறார். மொத்தம் 368,000, மூவருக்குப் பகிர்ந்தால் ஏறக்குறைய 122,700. இரண்டு இடங்களிலும் ஒரு மணி நேர உழைப்புக்குத் தரப்படும் கூலி ஒன்றே. ஆனால் இரண்டாவது நிலையத்தின் இணையதளத்தைப் பார்ப்பவர், அங்குள்ளவர்கள் ஒன்றரை மடங்கு வாங்குகிறார்கள் என்றே எண்ணுவார். எட்டு செஷனும் அதற்கு மேலும் முழுநேரம், அதற்குக் கீழ் எல்லாம் பகுதிநேரம் என்று தலையை எண்ணிச் சொல்வதால், ஏழு செஷன் பார்ப்பவரும் இரண்டு செஷன் பார்ப்பவரும் ஒரே பெட்டியில் விழுகிறார்கள். வகுக்கும் எண்ணாகத் தலைகளுக்குப் பதில் செஷன்களை வைத்திருந்தால் இந்தக் குறை எழுந்திருக்காது. அதற்குத் தேவையான விவரம் ஒவ்வொரு நிலையத்தின் சம்பளப் பட்டியலிலும் இருக்கிறது.

பெயர் வெளியிடும் விதியைப் பற்றி: 2019 ஜனவரியில் என்எச்எஸ் இங்கிலாந்தும் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கமும் செய்துகொண்ட ஐந்தாண்டு ஒப்பந்த உடன்பாட்டில், 2019/20 வருமானம் தொடங்கி, என்எச்எஸ் வழியாக மொத்தம் 150,000 பவுண்டுக்கு மேல் பெறும் ஜிபிக்களின் பெயரும் தொகையும் தேசிய அளவில் வெளியிடப்படும் என்று ஏற்கப்பட்டிருந்தது. 2021 அக்டோபர் முதல் நாள் அதற்கான ஒழுங்குவிதிகள் நடைமுறைக்கு வந்தன. மருத்துவர்கள் நவம்பர் 12-க்குள் தாமே அறிவிக்க வேண்டும் என்று நாளும் குறிக்கப்பட்டது. மருத்துவர்கள் கடுமையாக எதிர்க்கவே, அந்த நாள் வருவதற்கு முன்பே அரசு அதைத் தள்ளிவைத்தது.

என் சொந்தக் கருத்து: 2010 முதல் 150,000 பவுண்டுக்கு மேல் பெறும் மூத்த அரசு அதிகாரிகளின் பெயர்ப் பட்டியல் வெளிவருகிறது, 2017-இல் பிபிசியும் தன் நட்சத்திரங்களின் ஊதியத்தை அதே வரம்பில் வெளியிடத் தொடங்கியது. பொதுப்பணத்திலிருந்து அந்த அளவுக்குப் பெறும் எவருக்கும் இது பொருந்தும் என்பதில் எனக்குத் தயக்கம் இல்லை.

மறுமொழி 2 — லெஸ்டர் ஜிபி

கணக்காளர் ஐயா சராசரியைப் பற்றிச் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். பெயர்ப் பட்டியலைப் பற்றி அவர் சொன்னதை ஏற்க இயலவில்லை. நான் பங்குதாரர் அல்லேன், சம்பளத்துக்குப் பணிபுரிபவள். வாரம் ஆறு செஷன். அந்த வரம்புக்கு அருகில்கூட நான் வரப் போவதில்லை என்பதால், எனக்கு நேரும் சங்கடத்தை எண்ணி இதை எழுதவில்லை.

மூத்த அதிகாரியின் சம்பளம் ஒரு பதவிக்கு உரியது. அந்த நாற்காலியில் யார் அமர்ந்தாலும் தொகை ஏறத்தாழ அதுவே. பங்குதாரர் ஜிபி ஒருவரின் ஆண்டு வருமானமோ, அவர் எத்தனை செஷன் பார்த்தார், இரவிலும் வார இறுதியிலும் அவசர சேவைக்கு எத்தனை முறை சென்றார், கூட்டாளி ஒருவர் விலகியபின் மாற்றாள் கிடைக்காமல் அவருடைய நோயாளர்களையும் எத்தனை மாதம் சேர்த்துச் சுமந்தார் என்பவற்றின் கூட்டு. ஆளில்லாத ஊரில் இருவர் வேலையை ஒருவரே இழுத்துச் செய்யும் மருத்துவர்தான் அந்த வரம்பை எளிதில் தாண்டுவார். பட்டியலில் அவர் பெயரும் தொகையும் மட்டும் வரும், மணிக்கணக்கு வராது. அவருடைய நோயாளர்கள் அவர் வீட்டிலிருந்து நடக்கும் தொலைவிலேயே இருப்பவர்கள் என்பதையும் எண்ணிப் பாருங்கள். 2021 இலையுதிர்காலத்தில், நேரில் பார்க்க மறுக்கிறார்கள் என்று ஜிபிக்களைப் பத்திரிகைகள் சாடிக்கொண்டிருந்த வாரங்களில், வரவேற்பு மேசையில் இருந்த பெண்கள் நாள்தோறும் வசை கேட்டார்கள். அந்த நேரத்தில் இந்த விதியை நடைமுறைக்குக் கொண்டுவந்தது பொறுப்பற்ற செயல் என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

நியாயமின்மை இன்னொன்றும் உண்டு. 2019 உடன்பாட்டில், என்எச்எஸ்ஸின் பிற சுயேச்சை ஒப்பந்தக்காரர்களுக்கும் அதே காலத்தில் இதே வெளிப்படைத்தன்மையைக் கொண்டுவர அரசு முயலும் என்றே எழுதியிருந்தது. பல் மருத்துவர், மருந்தகத்தார், கண் பரிசோதகர் ஆகியோரும் வரிப்பணத்தில் தொழில் நடத்துபவர்களே. 2021-இல் ஒழுங்குவிதி வந்தபோது அது ஜிபி சேவையை மட்டுமே பற்றியது.

அதே வேளையில், எங்கள் தரப்பில் சிலர் எந்த எண்ணையும் வெளியிடவே கூடாது என்று சொல்வதோடும் எனக்கு உடன்பாடு இல்லை. மக்களுக்கு ஐயம் எழுந்ததற்குக் காரணம் உண்டு. 2004-இல் வந்த புதிய ஒப்பந்தத்துக்குப் பிறகு, 2002/03-க்கும் 2005/06-க்கும் இடையே பங்குதாரர்களின் வருமானம் 58 விழுக்காடு உயர்ந்ததாகத் தேசியத் தணிக்கை அலுவலகம் 2008-இல் அறிக்கை தந்தது. அரசு எதிர்பார்த்ததைவிட மிகுதியாகச் செலவான அந்த ஒப்பந்தத்தின் நிழல் இன்னும் விலகவில்லை. மறைக்க மறைக்க அந்த ஐயம் வளரவே செய்யும்.

இணையதளச் சராசரி இன்னோர் உண்மையையும் மூடிவிடுகிறது. சம்பள மருத்துவராக என்னை அதிகம் உறுத்துவது இதுவே. வருமானவரிப் பதிவுகளைக் கொண்டு நாடு தழுவிய மதிப்பீடு ஒன்று ஆண்டுதோறும் வெளிவருகிறது. அதன்படி 2021/22-இல் இங்கிலாந்தில் பங்குதாரர் ஜிபியின் வரிக்கு முந்தைய சராசரி வருமானம் ஏறத்தாழ 153,400 பவுண்டு. சம்பள ஜிபியுடையது ஏறத்தாழ 68,000. இந்த மதிப்பீடும் வேலை நேரத்தைச் சரிசெய்யாதது. எங்களில் பெரும்பாலோர் பகுதிநேரம் என்பதும், பங்குதாரருக்குத் தொழிலின் இடர் முழுவதும் உண்டு என்பதும் அந்த வேறுபாட்டின் ஒரு பகுதியை விளக்கும். கடன், குத்தகை, பணியாளர் நீக்க இழப்பீடு எல்லாம் அவர்கள் தலையில்தான்; கூட்டாளிகள் ஒவ்வொருவராக விலகினால் கட்டடக் குத்தகை கடைசியில் நிற்பவரின் கழுத்தில் விழுகிறது. ஆயினும் இரு தரப்பாரையும் ஒன்றாகக் கலந்து ஒரே சராசரியாக்கும்போது, நிலையத்துக்கு வரும் பணம் யாரிடம் தங்குகிறது என்ற கேள்விக்கு விடையே இல்லாமல் போகிறது. பங்குதாரருக்கு ஒரு செஷனுக்கு எவ்வளவு, சம்பள மருத்துவருக்கு ஒரு செஷனுக்கு எவ்வளவு என்று பெயரின்றி இரண்டு எண்களை வெளியிடட்டும். நோயாளருக்கும் புரியும், வேலை தேடும் இளம் மருத்துவருக்கும் உதவும்.

மறுமொழி 3 — ஸ்கார்பரோ வாசகர்

இங்கிலாந்து அனுபவம் எனக்கு இல்லை. கனடாவின் ஒன்ராறியோவில் இதே விவாதம் நீதிமன்றம் வரை சென்றதைச் சொல்வது பயன்படும் என்று எழுதுகிறேன்.

இங்கே 1996 முதல் ஒரு சட்டம் உண்டு: பொதுத்துறையில் ஆண்டுக்கு 100,000 டாலரும் அதற்கு மேலும் பெறுவோரின் பெயர், பதவி, சம்பளம் ஆகியவை ஒவ்வோர் ஆண்டும் வெளியாகும். ஆசிரியர், காவலர், மருத்துவமனைச் செவிலியர் எனப் பலரும் அதில் வருவார்கள். ஆனால் குடும்ப மருத்துவர்களில் பெரும்பாலோர் வருவதில்லை. அவர்கள் சம்பளம் பெறுவதில்லை, மாகாணக் காப்புறுதித் திட்டத்திடம் கட்டணம் கோரிப் பெறுகிறார்கள்.

டொராண்டோ ஸ்டார் நாளிதழ், மிகுதியாகக் கட்டணம் பெற்ற 100 மருத்துவர்களின் பெயர்களையும் தொகைகளையும் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டது. அமைச்சு பெயர்களைத் தர மறுத்தது. 2016-இல் மாகாணத் தகவல், தனியுரிமை ஆணையத்தின் தீர்ப்பாளர் பெயர்களை வெளியிட உத்தரவிட்டார். மருத்துவச் சங்கம் எதிர்த்து வழக்காடித் தோற்றது. 2018-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அந்த உத்தரவை நிலைநிறுத்தியது. 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ள மறுத்தபின் பெயர்கள் வெளிவந்தன.

உங்கள் விவாதத்தோடு நேரடியாகப் பொருந்துவது தீர்ப்பின் காரணம். மருத்துவருக்குத் தரப்பட்ட கட்டணம் அவருடைய தொழிலின் மொத்த வரவு. அதிலிருந்தே வாடகையும் பணியாளர் சம்பளமும் கருவிச் செலவும் போக வேண்டும். ஆகவே அத்தொகை அவர் வீட்டுக்குக் கொண்டுசெல்லும் வருமானத்தைக் காட்டாது. அது தனிப்பட்ட தகவலும் ஆகாது என்றார்கள். நிகர வருமானம் அல்ல என்பதே வெளியிடுவதற்கு வழிவிட்டது. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணமோ வழக்கு எதற்கும் காத்திராமல், 25,000 டாலரும் அதற்கு மேலும் பெறும் ஒவ்வொரு மருத்துவரின் பெயரையும் அவருக்குத் தரப்பட்ட மொத்தத் தொகையையும் ஆண்டுதோறும் வெளியிடுகிறது. அங்கு மருத்துவர்கள் தொழிலை விட்டு ஓடிவிடவில்லை. எனினும் என் அனுபவத்தில், மொத்த வரவைப் படிக்கும் பொதுமக்களில் பலர் அதைச் சம்பளம் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். ஆண்டுதோறும் செய்தித்தாளுக்கு வரும் வாசகர் கடிதங்களே அதற்குச் சான்று.

ஹாரோவாசி

மூவருக்கும் மிக்க நன்றி. பெயர்கள் எனக்குத் தேவையில்லை என்பது லெஸ்டர் மருத்துவரின் விளக்கத்துக்குப் பின் தெளிவாயிற்று. நான் அறிய விரும்புவது வேறு: எங்கள் நிலையத்துக்கு எவ்வளவு வருகிறது, அதற்கு எவ்வளவு மருத்துவர் நேரம் எங்களுக்குக் கிடைக்கிறது என்பதே. இதை ஒரு சாதாரண நோயாளர் கண்டறிய வழி உண்டா?

மறுமொழி 4 — லூட்டன் கணக்காளர்

உண்டு, மூன்று தனித்தனிப் பட்டியல்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். மூன்றும் இலவசம்; மூன்றையும் வெளியிடுவது என்எச்எஸ்ஸின் புள்ளிவிவரப் பிரிவே.

முதலாவது, ‘ஜிபி நிலையங்களுக்கு என்எச்எஸ் வழங்கிய தொகைகள்’ என்ற ஆண்டு வெளியீடு. 2013/14 தொடங்கி இங்கிலாந்தின் ஒவ்வொரு நிலையத்தின் பெயருக்கு எதிரேயும் அந்த ஆண்டு கிடைத்த மொத்தத் தொகை, அதில் அடிப்படை ஒதுக்கீடு எவ்வளவு, தர இலக்குகளுக்கான தொகை எவ்வளவு, கட்டடத்துக்கு எவ்வளவு, பதிவு செய்துள்ள நோயாளர் எத்தனை பேர், தலைக்குச் சராசரி எவ்வளவு என்பவை இருக்கும். அதில் ‘எடையிட்ட நோயாளர்’ என்றொரு பத்தி வரும். அதைத் தவறாமல் பாருங்கள். முதியோரும் நெடுநாள் நோயுற்றோரும் மிகுந்த பகுதிக்குக் கூடுதல் பணம் போக வேண்டும் என்பதற்காக, கார்–ஹில் சூத்திரம் என்ற கணக்கின்படி நோயாளர் எண்ணிக்கையைக் கூட்டியோ குறைத்தோ அடிப்படை ஒதுக்கீட்டைப் பிரிக்கிறார்கள். இளவயதினர் நிறைந்த நகர்ப் பகுதியில் பதிவு எண்ணிக்கையைவிட எடையிட்ட எண்ணிக்கை குறைவாக இருக்கலாம். அப்படியானால் உங்கள் நிலையத்துக்கு வரும் பணமும் அதற்கேற்பக் குறையும்.

இரண்டாவது, ஜிபி பணியாளர் புள்ளிவிவரம். ஒவ்வொரு நிலையத்திலும் மருத்துவர் எத்தனை தலை என்பதோடு, வாரம் 37.5 மணி நேரத்தை ஓர் அலகாகக் கொண்டு முழுநேரக் கணக்கில் எத்தனை மருத்துவருக்குச் சமம் என்பதும் அதில் கிடைக்கும். இணையதளச் சராசரியில் இல்லாமல் போன அந்த வகுக்கும் எண் இங்கேதான் இருக்கிறது. மூன்றாவது, நோயாளர் சந்திப்புகளின் மாதப் புள்ளிவிவரம். 2022 நவம்பர் முதல் நிலையவாரியாகவே வெளிவருகிறது. நேரிலா தொலைபேசியிலா, பதிவு செய்த அன்றேவா இரண்டு வாரம் கழித்தா, பார்த்தவர் மருத்துவரா வேறு பணியாளரா என்றெல்லாம் பிரித்திருப்பார்கள். பதிவுகளைக் கணினியில் இடும் முறை நிலையத்துக்கு நிலையம் வேறுபடுவதால், சிறு வேறுபாடுகளைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதல் பட்டியலின் மொத்தத் தொகையை இரண்டாவதன் முழுநேரக் கணக்கோடு வைத்துப் பாருங்கள். ஒரே அளவு பணம் பெறும் இரண்டு நிலையங்களில் ஒன்று 1,800 நோயாளருக்கு ஒரு முழுநேர மருத்துவரையும் மற்றொன்று 3,000 பேருக்கு ஒருவரையும் வைத்திருந்தால், கேட்க வேண்டிய கேள்வி அங்கே இருக்கிறது. அதற்கு நேர்மையான விடையும் இருக்கலாம்: மருத்துவர் கிடைக்காமல் மருந்தாளரையும் மூத்த செவிலியரையும் நியமித்திருக்கலாம், விளம்பரம் செய்தும் ஆள் வராமல் இருக்கலாம்.

அந்தக் கேள்வியைக் கேட்க இடமும் உண்டு. நோயாளர் பங்கேற்புக் குழு ஒன்றை ஒவ்வொரு நிலையமும் நடத்த வேண்டும் என்பது 2015 ஏப்ரல் முதல் ஒப்பந்தக் கடமை. பிராக்டிஸ் மேனேஜருக்கு எழுதி, குழு அடுத்து எப்போது கூடுகிறது என்று கேளுங்கள். அப்பாவுக்கு நேரம் கிடைக்காததை மட்டும் சொல்லாமல், மேற்சொன்ன மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். நிகர வருமானத்தை அவர்கள் அங்கே சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை; வாரத்துக்கு மொத்தம் எத்தனை மருத்துவர் செஷன் நடக்கிறது, காலியிடங்கள் எத்தனை, அவற்றை நிரப்ப என்ன செய்கிறார்கள் என்பவற்றைக் கேட்டால் பெரும்பாலான மேலாளர்கள் தயங்காமல் சொல்வார்கள்.